மீட்டரில் மிச்சம்

பேட்டரிக்காரர் மூன்றாவது தடவையாக வண்டியை நகர்த்தியபோது, பெட்ரோல் பங்க்கில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டான். "என்ன சார், டிரைவிங் கத்துக்கிறீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே கையை மட்டும் ஆட்டினார். விளக்கம் சொன்னால் அவனுக்குப் புரியும்தான். ஆனால் சொல்ல ஆரம்பித்தால் வெயில் போய்விடும். பங்க்குக்குப் பின்னால் லாரிகள் நிற்க விட்டிருந்த காலி இடத்தில் ஒரே ஒரு மரம் இருந்தது. வண்டியை அதன் நிழலில் நிறுத்தினால் உள்ளே படுத்திருக்கும் மனைவிக்கு நிம்மதி, கூரைமேல் இருக்கும் சோலார் தகடுகளுக்குப் பட்டினி. வெளியே இழுத்து வெயிலில் நிறுத்தினால் தகடுகள் வயிறாரச் சாப்பிடும். ஆனால் பத்து நிமிஷத்தில் அந்தத் தகரப் பெட்டி அடுப்பாகி, அவளுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கிவிடும். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சொல்லிவைத்தவர்கள் யாரும் கூரையில் சோலார் மாட்டிக்கொண்டு ஊர்சுற்றினவர்கள் இல்லை. வெயிலின் அருமை நிழலில்தான் தெரியும் என்பது அவருக்கு நேற்றிலிருந்துதான் தெரிந்தது. வீட்டு வாசலில் வைத்துச் சோதித்தபோது இந்தச் சிக்கல் தலைகாட்டவில்லை. அப்போது பகலில் அவள் வீட்டுக்குள் இருந்தாள், வண்டி மட்டும் வெயிலில் நின்றது. வண்டியும் அவளும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்பதை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ஊரில் அவர் பெயர் பலருக்குத் தெரியாது. பேட்டரிக்காரர் என்றால்தான் தெரியும். வாலிபத்திலிருந்து வீடு வீடாகப் போய் இன்வெர்ட்டர் மாட்டியவர், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியவர், முனைகளில் பூத்த வெள்ளைப் பூஞ்சையைச் சுரண்டியவர். போகிற வீட்டிலெல்லாம் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள். "ஒரே ஒரு ஃபேன்தான் ஓடுது, அதுக்குள்ள சார்ஜ் இறங்கிடுது." அவர் பேசமாட்டார். மீட்டரை வயரில் மாட்டிவிட்டு வீட்டைச் சுற்றி வருவார். உள்ளறையில் யாராவது அயர்ன்பாக்ஸை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். "மனுஷன் பொய் சொல்லுவான், மீட்டர் சொல்லாது" என்பது அவருடைய வேதவாக்கு. கல்யாணமான மகளுக்கு அவர் கொடுத்த புத்திமதியும் ஏறக்குறைய இதுதான்.

மனைவிக்கு அவர் வைத்திருந்த செல்லப் பெயர் மைக்கு. அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். நடைமேடைகளுக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு மைக், கீழிருந்து நாள் முழுக்க ஏறிவரும் டீசல் புகை. எந்த ஊருக்கு எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்த நடைமேடை என்று தொண்டை வற்றச் சொல்லிச் சொல்லி ஊரையே அனுப்பிவைத்தாள். அவள் மட்டும் எங்கும் போகவில்லை. ஊர்ப் பெயரைச் சொல்வதற்கு முன்னால் சரியாக ஒரு மூச்சு நிறுத்துவாள். "அப்பத்தான் ஜனங்க பேச்சை நிறுத்திட்டு காதைக் குடுப்பாங்க. பேரு தெளிவா விழும்" என்று கல்யாணமான புதிதில் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவள் அறிவிக்கிற வண்டிகளிலேயே ரொம்ப தூரம் போகிறது ஒன்று உண்டு. டிரைவர்கள் அதைக் கடைசி ஊர் வண்டி என்பார்கள், அதற்கப்பால் ரோடு கிடையாது. "அங்க அப்படி என்னதான் இருக்கு?" என்று கண்டக்டரை ஒருநாள் கேட்டாளாம். "ஒண்ணுமில்லக்கா, வண்டியைத் திருப்ப இடம் இருக்கு" என்றானாம். அதிலிருந்து அவளுக்கு அந்த ஊர் மேல் ஆசை.

நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது என்று தெரிந்தபிறகு அந்த ஆசை மெல்ல அவருக்கும் தொற்றிக்கொண்டது. பேருந்தில் கூட்டிப்போக முடியாது. மூக்கில் குழாய், குழாய்க்குப் பின்னால் ஆக்சிஜன் மெஷின், மெஷினுக்குப் பின்னால் கரண்ட். சுவரோடு கட்டிப்போட்ட மாதிரிதான் இருந்தாள். அவர் கூரியர் கம்பெனி கழித்துவிட்ட பழைய வேன் ஒன்றை வாங்கினார். உள்ளே கட்டில், கட்டிலுக்கடியில் பேட்டரிகளும் இன்வெர்ட்டரும், கூரையில் தகடுகள், தலைமாட்டில் மெஷின். ஓட்டுநர் இருக்கைக்கும் பின்பக்கத்துக்கும் நடுவிலிருந்த தகரத்தில், மெஷின் சத்தம் காதில் விழுவதற்காக ஒரு சின்ன ஜன்னல் வெட்டினார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "என்ன, அக்காவுக்கு சினிமா ஸ்டார் மாதிரி கேரவன் ரெடி பண்றீங்க, ஷூட்டிங் எப்போ?" என்று கேலி செய்தார்கள். டாக்டரிடம் கேட்டபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆசைப்பட்டா கூட்டிட்டுப் போங்க" என்றார். அந்த 'ஆசைப்பட்டா'வுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் புரிந்தது. 

இருந்தும் இந்தப் பயணம் தொடங்குவதற்கு முன்பே நின்றுபோயிருக்கும். மெஷினின் முதுகில் ஒட்டியிருந்த லேபிளில் அது இழுக்கும் கரண்ட் போட்டிருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டால், கூரை கொள்ளுமட்டும் தகடு வைத்தாலும் அந்த மெஷினுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. விடிவதற்கு முன்னால் பேட்டரி கண்ணை மூடிவிடும். பெரிய பேட்டரி வைக்கலாமென்றால் வண்டியின் அச்சு தாங்காது. இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் சார்ஜ் ஏறும்படி வயர் இழுத்திருந்தார். ஆனால் பழைய இன்ஜின், பிச்சை போடுகிற மாதிரிதான் கொடுத்தது. நின்ற இடத்தில் அதை ஓட்டினாலோ புகை அவள் நெஞ்சுக்குத்தான் போகும். "சரிப்படாது மைக்கு. வண்டியை வித்துடறேன்" என்று சொல்லிவிட்டார். அவள்தான், "நீங்கதானே சொல்வீங்க... லேபிளை நம்பாதே, மீட்டரை நம்புன்னு. ஒரு ராத்திரி... போட்டுத்தான் பாருங்களேன்" என்றாள். வாசலில் வண்டியை நிறுத்தி அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, அவர் முன் இருக்கையில் காலை மடக்கித் தூங்கினார். காலையில் எழுந்து மீட்டரைப் பார்த்தால் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. தடித்த வயர் போட்டதும், நடுவில் எங்கும் ஒட்டு வைக்காததும்தான் காரணம் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். "எல்லாம் உங்க கைராசி" என்றாள் அவள்.

இன்று காலையும் அப்படித்தான். நேற்று வெயில் சரியில்லை. அதோடு நிழலுக்கும் வெயிலுக்குமாக அலைந்ததில் பாதி நாள் போயிற்று. பேட்டரி காலி ஆகியிருக்கும் என்று பயந்துகொண்டே கண்விழித்தவர், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த சின்னத் திரையைப் பார்த்தார். அதில் மூன்று வரி. மேலே வெயிலிலிருந்து வருவது, நடுவில் செலவாவது, கீழே மிச்சம். கீழே அறுபது என்று இருந்தது. நூற்றுக்கு அறுபது! உடனே மகளுக்குப் போன் போட்டார். "வழியில நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவீங்கன்னு பயமுறுத்தினியே, இப்ப பாரு, அறுபது மிச்சம் இருக்கு. உங்கப்பன் மாட்டின இன்வெர்ட்டர்டி இது" என்று கத்தினார். மகள் மறுமுனையில் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

இப்போது வெயில் திடீரென்று மங்கியது. அண்ணாந்து பார்த்தார். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. உஷ்ணம் குறையும், அவளுக்கு நல்லது. சார்ஜ் ஏறாது, அவளுக்குக் கெட்டது. எதற்குச் சந்தோஷப்படுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு துணியை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியின் பின்பக்க ஏணியில் ஏறினார். தகடுகளில் ரோட்டுப் புழுதி படிந்திருந்தது. இருக்கிற வெளிச்சத்தையாவது முழுசாக வாங்கட்டும் என்று மண்டிபோட்டுத் துடைக்கத் தொடங்கினார்.

இரண்டாவது தகட்டைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. முழங்காலில் அதிர்வு இல்லை. மெஷின் ஓடினால் அந்த 'டப்... ஸ்ஸ்' தகரம் முழுக்கப் பரவும். உள்ளங்கையைக் கூரையில் பதித்துப் பார்த்தார். தகரம் சும்மா இருந்தது. ஃபியூஸ் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தார். அடித்துப்பிடித்து ஏணியில் காலை வைத்தார். ஏணி கிறீச்சிட்டது. கிறீச்சிட்ட மறுகணம் உள்ளே 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. மெஷினுக்கு சுவிட்ச் போட்டால் வருகிற சத்தம். தொடர்ந்து 'டப்... ஸ்ஸ்'.

ஏணியிலேயே நின்றார். ஒரு தடவை பார்த்ததை நம்பாமல் இருப்பது மெக்கானிக்குகளுக்குப் பிறவிக் குணம். காலை அழுத்தி வைத்து, சத்தம் வரும்படி மறுபடி மேலே ஏறினார். கூரையில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அதிர்வு நின்றது. ஏணியில் கால் வைத்தார். டிங். அவள் மூச்சை வைத்தா சோதனை செய்துகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு அதற்கப்புறம்தான் வந்தது.  அவசரமாகக் கீழே இறங்கினார்.

கதவைத் திறந்தபோது அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். தோளைத் தொட்டுத் திருப்பினார். உதடு ஊதா நிறத்தில் இருந்தது. விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை மாட்டினார். அதில் வந்த அளவை இரண்டு பேரும் பார்த்தார்கள். அவர் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தார்.

"எப்பலேர்ந்து?"

அவள் மூச்சு சேர்வதற்குக் காத்திருந்தாள். "நீங்க... டெஸ்ட் பண்ணீங்களே. அன்னிலேர்ந்து."

"அன்னிக்கேவா?"

"நீங்க குறட்டை விட்டதும்... அணைச்சிடுவேன். குறட்டை நின்னா... போட்டுடுவேன்." சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. "நல்ல வேளை... நீங்க நல்லா விடுவீங்க."

அவருக்குக் கோபம்தான் வந்தது. வேறெதுவும் வருவதற்குமுன் அது வந்துவிட்டது. "என்னை முட்டாளாக்கிட்டியே மைக்கு. ஊரான் வீட்டுத் திருட்டெல்லாம் கண்டுபிடிச்சேன் நான். எவன் வீட்ல எவன் அயர்ன்பாக்ஸ் ஓட்டறான்னு வாசல்லயே சொல்லுவேன்."

"சொந்த வீட்ல... மீட்டர் வைக்கலயே நீங்க."

அறுபது, அறுபது என்று காலையில் குதித்தது அவருக்கு ஞாபகம் வந்தது. அது வயரும் இல்லை, கைராசியும் இல்லை. இருட்டில் தனியாகப் படுத்துக்கொண்டு, அவருடைய குறட்டையைக் கேட்டபடி, இவள் பல்லைக் கடித்துச் சேர்த்துவைத்தது. அதைத்தான் மகளிடம் பீற்றிக்கொண்டிருக்கிறார். மீட்டர் பொய் சொல்லவில்லை. அது சொன்னதை அவர்தான் தனக்குப் பிடித்த மாதிரி படித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் கேலி செய்த அத்தனை வீட்டுக்காரர்களும் வந்து வரிசையாக நின்று பார்ப்பதுபோல் இருந்தது.

"ஏன் இப்படிப் பண்ணினே?"

"இல்லன்னா... வண்டியை வித்திருப்பீங்க."

"திரும்பிடலாம். பின்னாடி ஒரு ஆசுபத்திரி பாத்தோமே, ரெண்டு மணி நேரத்துல போயிடலாம்."

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை. "அங்க கரண்ட் நிறைய இருக்கு. வேற... என்ன இருக்கு?"

அவர் எழுந்து வெளியே போனார். பங்க்கின் குழாய்க்காரனிடம், ஒரு பிளக் கிடைக்குமா, சாயந்திரம் வரைக்கும் சார்ஜ் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டார். அவன் ரோட்டோரத்துக் கம்பங்களைக் காட்டினான்.

"காலையிலயே லைன் அறுந்து விழுந்துடுச்சு சார். ரெண்டு பக்கமும் எங்கயும் கரண்ட் கிடையாது. நாளைக்குத்தான் வரும்னாங்க, வந்தாத்தான் நிஜம். நாங்களே ஜெனரேட்டர்ல ஓட்டறோம், வண்டி வந்தாத்தான் போடுவோம்." பிறகு குரலை இறக்கி, "உள்ள யாராவது முடியாதவங்க இருக்காங்களா?" என்று கேட்டான். முன்பு செய்த கேலிக்காக அவன் முகம் சுருங்கியது. அவர் தலையாட்டினார்.  

மகளின் போன் வந்தது. "அப்பா, டிவியில மழைன்னு சொல்றாங்க. எவ்ளோ இருக்கு இப்போ?"

"இருக்கு, இருக்கு. தாராளமா இருக்கு."

"அம்மாகிட்ட குடுங்க."

கதவு வழியாக உள்ளே பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். இரண்டு வார்த்தை பேசினாலே மகள் கண்டுபிடித்துவிடுவாள். "தூங்கறா. எழுப்பவா?" என்றார். மகள் எழுப்ப வேண்டாம் என்றாள். மனுஷன் பொய் சொல்லுவான் என்று அவர் சொன்னது தன்னையும் சேர்த்துத்தான் என்று அப்போது புரிந்தது.

உள்ளே வந்து அவளுக்கு வாய் நனைத்துவிட்டார். தலையணையைச் சரிசெய்தார். மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தார். வண்டியை இவ்வளவு நகர்த்தியும் காலையிலிருந்த அறுபது இப்போது அறுபதாக இல்லை. நாற்பதுக்குப் பக்கத்தில் இருந்தது. மெஷினை நிறுத்தாமல் ஓட்டினால் பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம் வரை வரும். அவசரத்துக்கென்று வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் இன்னும் கொஞ்ச நேரம். கடைசி ஊர் அதற்கும் அப்பால், விடியற்காலையில் இருந்தது. வீடும் ஏறக்குறைய அதே தூரத்தில் பின்னால் இருந்தது. எப்படிக் கூட்டினாலும் விடை ஒன்றாகவே வந்தது. கூரையில் இன்னொரு தகடு வைக்க இடம் இல்லை, வைத்தாலும் வெயில் இல்லை, வெயில் இருந்தாலும் அவள் நெஞ்சில் இடம் இல்லை.

"மைக்கு, ஒண்ணு கேக்கறேன், செய்வியா?"

"ம்."

"இனிமே அணைக்காதே. ஓடட்டும். தீர்ற வரைக்கும் போவோம்."

"தீந்துட்டா?"

"தீந்துட்டா தீந்துட்டதுதான். நீ மிச்சம் பிடிக்கவேணாம்."

அவள் சரி என்று கண்ணை மூடித் திறந்தாள். அவர் மெஷினின் திருகை அவளுக்குத் தேவையான அளவுக்குத் திருப்பிவைத்தார். அவள் எவ்வளவு குறைத்து வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது. அந்த நிறத்தைப் பார்த்தபோது அவருக்கு அழுகை வந்தது. முகத்தைத் துடைக்கக் கையில் கிடைத்தது தகடு துடைத்த அழுக்குத் துணிதான். அதிலேயே துடைத்துக்கொண்டார். "கரி பூசிட்டீங்க" என்றாள் அவள்.

பங்க்கிலிருந்து ரோட்டுக்கு ஏறும் இடத்தில் வண்டியை ஒரு கணம் நிறுத்தினார். பின்பக்கம் ஆசுபத்திரி. முன்பக்கம் கருக்கல். குழாய்க்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். இவர் முன்பக்கமே திருப்பினார். ஏன் என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. பின்பக்கம் போனால் அவளை மறுபடி ஒரு சுவரில் கொண்டுபோய்ச் சொருக வேண்டியிருக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

சிறிது தூரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. ஆளில்லாத ரோடு, இரண்டு பக்கமும் வெட்டவெளி. வைப்பரில் ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்தது. திரையில் மேல் வரி பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நின்றது. நடு வரி இறங்காமல் இருந்தது, அதாவது மெஷின் ஓடுகிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். கீழ் வரி ஒவ்வொன்றாக இறங்கியது. பார்க்கக்கூடாது என்று நினைத்தார், பார்த்துக்கொண்டே ஓட்டினார். தகர ஜன்னல் வழியாக மெஷின் சத்தம் மழையோடு சேர்ந்து கேட்டது. போகும் வழியில் ஒரு பழைய பேருந்து எதிரே வந்து தண்ணீரை வாரியடித்துவிட்டுப் போனது. அதன் நெற்றியில் எந்த ஊர்ப் பெயர் எழுதியிருந்தது என்று பார்ப்பதற்குள் கடந்துவிட்டது.

"கடைசி ஊர் வண்டி மாதிரி இருக்கு மைக்கு. திரும்பி வருது" என்று தலையைத் திருப்பாமல் சொன்னார்.

பதில் வரவில்லை. திரையில் நடு வரி விழுந்தது. ஏறக்குறைய ஒன்றுமில்லை என்கிற அளவுக்கு விழுந்தது. பின்னால் 'டப்... ஸ்ஸ்' நின்றுபோய், மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. கத்தலாமென்று வாயைத் திறந்தார். அதற்குள் அந்தச் சின்ன ஜன்னலிலிருந்து அவள் குரல் வந்தது. இருமலில்லாத குரல், கண்ணாடிக் கூண்டின் குரல். அது அவளிடம் இன்னும் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. மெஷின் இரைச்சலில் அவருக்குக் கேட்காமல் போய்விடக்கூடாது என்றுதான் அணைத்திருக்கிறாள்.

"பயணிகளின் கனிவான கவனத்துக்கு... முதல் நடைமேடையிலிருந்து... இப்போது புறப்பட்டுச் செல்லும் வண்டி..."

அங்கே நிறுத்தினாள். ஊர்ப் பெயருக்கு முன்னால் எப்போதும் விடுகிற அந்த ஒரு மூச்சு. பேருந்து நிலையம் முழுக்கப் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுக்கும் இடம். அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, பெயர் விழுவதற்காகக் காத்திருந்தார். வைப்பர் ஒரு தடவை போய் வந்தது. இன்னொரு தடவையும் போய் வந்தது.